தவக்காலத்துக்கு முன் ஆன்ம சோதனை: அட்டையைப் பார்த்து டிக் அடித்தால் போதுமா?

விவேக்நகர்_வாசகன் எழுதியது:

இயேசுவுக்கே புகழ். இந்த வருடம் (2026) தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18. பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் பாவங்களைச் சொல்லுமுன் நம்மை நாமே சோதித்துப் பார்க்க, பங்குக் கோவில்களில் வழக்கம்போல ஆன்ம சோதனை அட்டை கொடுக்கிறார்கள், பத்துக் கட்டளை வாரியாகக் கேள்விகள். கொலை செய்தாயா, இல்லை. பொய்ச் சாட்சி சொன்னாயா, இல்லை. விக்கிரகம், இல்லை. கால் மணி நேரத்தில் அட்டை முடிந்துவிடும். கையில் மிஞ்சுவது "கோபம் வருது ஃபாதர், பூசைக்கு லேட்டா வர்றேன் ஃபாதர்". அடுத்த வருடமும் அதே இரண்டு வரி.

கேள்வி இதுதான்: இதை முறையாகச் செய்வது எப்படி? எத்தனை நேரம், எதை வைத்து, எந்த வரிசையில்? "மட்டனை விடுகிறேன்" என்பதைத் தாண்டி ஒரு தவக்காலத் தீர்மானத்தை எப்படிப் பிடிப்பது? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

பழைய_உபதேசி எழுதியது:

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். திருச்சபையின் பழைய நாட்காட்டியில் திருநீற்றுப் புதனுக்கு முன் மூன்று ஞாயிறுகள் இதற்கென்றே இருந்தன. அல்லேலூயா நின்றுவிடும், குருவானவர் ஊதா உடுத்துவார், தவக்காலம் வருகிறது என்று மூன்று வாரம் முன்பே தெரிந்துவிடும். 1969 நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் அது எடுக்கப்பட்டது. அந்தக் கணக்குப்படி இந்த வருடம் பிப்ரவரி 1, 8, 15. வழிபாட்டில் இல்லாவிட்டாலும் வீட்டில் வைத்துக்கொள்ள யாரும் தடை சொல்லப்போவதில்லை. புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிய பிறகு "எதை மாற்றுவது" என்று யோசிக்க ஆரம்பித்தால் முதல் வாரம் அதிலேயே போய்விடும்.

சின்னக்குறிப்பிடம் என்ற பழைய ஞானோபதேசப் புத்தகம் படித்தவர்களுக்கு நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கான ஐந்து காரியம் நினைவிருக்கும்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (பாவத்துக்காக வருந்துதல்), பிரதிக்கினை (இனிச் செய்யமாட்டேன் என்ற உறுதி), குருவிடம் வெளிப்படுத்துதல், அபராதத்தை (குரு தரும் பரிகாரத்தை) நிறைவேற்றுதல். ஆன்ம சோதனை அதில் முதல் படி மட்டும். பெரும்பாலோர் ஒன்றையும் நான்கையும் செய்துவிட்டு நடுவில் உள்ள இரண்டையும் தாண்டிவிடுகிறார்கள். அதனால்தான் வருடா வருடம் அதே இரண்டு வரி.

செய்முறை. மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் அரை மணி. ஒரே நாளில் வேண்டாம்.

முதல் அமர்வில் பேனாவே எடுக்காதீர்கள். வேதாகமத்தில் ஒரு பகுதி வாசியுங்கள். கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு 1454-ஆம் எண்ணில் பத்துக் கட்டளை, மலைப்பொழிவு, உரோமையர் 12 முதல் 15, முதல் கொரிந்தியர் 12, 13, கலாத்தியர் 5, எபேசியர் 4 முதல் 6 என்று பகுதிகளையே சொல்லியிருக்கிறது. எபேசியர் 4-இல் 25-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் போதும். பொய், கோபம், திருட்டு, கெட்ட வார்த்தை எல்லாம் எட்டே வசனத்தில் வந்துவிடும்.

இரண்டாவது அமர்வில் ஆட்களை எழுதுங்கள், பாவங்களை அல்ல. துணை, பிள்ளைகள், வயதான பெற்றோர், அண்டைவீடு, வேலைக்கு வரும் அம்மா, மேலாளர், உங்களுக்குக் கீழே வேலை செய்பவர், பேசாமல் விட்ட சொந்தக்காரர். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கேள்வி: இவருக்கு நான் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன. கட்டளை வாரியாகப் போனால் "இல்லை, இல்லை" என்று நழுவலாம். ஆள் வாரியாகப் போனால் நழுவ முடியாது.

மூன்றாவது அமர்வில்தான் அந்த அட்டை. முதல் இரண்டில் விடுபட்டதைப் பிடிக்க மட்டும்.

அல்சூர்_அக்கா எழுதியது:

உபதேசியார் சொன்னதோடு ஒன்று. எழுதுவதைக் காகிதத்தில் எழுதுங்கள், போனில் வேண்டாம். போன் குறிப்பு வீட்டு டேப்லெட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் கையில்தான் அது இருக்கிறது. காகிதம் என்றால் பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் அடுப்பில் போடலாம்.

சாவான பாவம் (கனமான பாவம்) என்றால் வகையும் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும், திருச்சபைச் சட்டம் 988. "கெட்ட பழக்கம் இருக்கு ஃபாதர்" என்பது வகையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. "மாதத்துக்கு இரண்டு தடவை, மூன்று வருடமாக" என்றால் சரி. நினைவில்லை என்றால் தோராயம் போதும். நாவல் எழுத வேண்டாம். "என் மாமியார் அப்படிச் சொன்னதால் நான் இப்படிச் சொன்னேன்" என்று ஆரம்பித்தால் அது மாமியாருடைய பாவசங்கீர்த்தனம்.

மாரத்தஹள்ளி_நைட்ஷிப்ட் எழுதியது:

உண்மையாகவே ஒரு சந்தேகம். பத்து வருடம் போகாதவர் என்ன செய்வது? அத்தனையும் எப்படி நினைவுக்கு வரும்?

அல்சூர்_அக்கா எழுதியது:

வருடம் வருடமாக நினைக்காமல், இருந்த வீடு வாரியாக நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. ஊர் வீடு, முதல் பி.ஜி., கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த வாடகை வீடு, இப்போதுள்ள ஃபிளாட். ஒவ்வொரு வீட்டோடும் ஒரு வேலை, ஒரு கூட்டாளி வட்டம் சேர்ந்தே நினைவுக்கு வரும். உள்ளே போனதும் முதல் வாக்கியம், "பத்து வருடமாகிறது, உதவி செய்யுங்கள் ஃபாதர்". மீதியை அவர் கேட்டு வாங்குவார். முயன்றும் மறந்துபோனது மற்றவற்றோடு மன்னிக்கப்படுகிறது. பெரியது பிறகு நினைவுக்கு வந்தால் அடுத்த தடவை சொன்னால் போதும். தெரிந்தே மறைத்தால் அது கள்ளப் பாவசங்கீர்த்தனம். அதையும், அதற்குப் பின் செய்தவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும்.

ரிஜிஸ்டர் கல்யாணம் மட்டும் செய்துகொண்டவர்கள் வரிசையில் நின்று ஏமாற வேண்டாம். பங்குக் குருவை ஆபீசில் தனியாகப் பாருங்கள். திருமணத்தைத் திருச்சபை முறைக்குக் கொண்டுவர வழி இருக்கிறது. அதற்குக் காகித வேலையும் நாளும் பிடிக்கும், எனவே இப்போதே.

லெந்து_தியானம் எழுதியது:

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கர் அல்ல. எங்களில் பொதுப் பாவ அறிக்கைதான், ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்வது. தனிப்பட்ட சோதனை என்பது அதற்கு முந்தின இரவு வீட்டில் நடக்க வேண்டியது. அது நடக்காவிட்டால் அறிக்கை வெறும் வாய்ப்பாடு.

இணையத்தில் பட்டியல் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கட்டளை எண்கள் சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்கருக்கும் லுத்தரன்களுக்கும் ஆறாவது விபசாரம், ஏழாவது களவு. எங்களுக்கு ஆறாவது கொலை, ஏழாவது விபசாரம், எட்டாவது களவு. கலப்புக் குடும்பத்தில் "ஏழாவதை மீறினேன்" என்று சொன்னால் வீட்டில் கலவரம் ஆகிவிடும்.

என் சிபாரிசு லூக்கா 3, 10 முதல் 14 வரை. யோவான் ஸ்நானகனிடம் மூன்று கூட்டம் வந்து, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறது. ஜனங்களிடம், இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்று கொடு என்கிறார். வரி வசூலிக்கும் ஆயக்காரரிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகரிடம், மிரட்டிப் பறிக்காதே, சம்பளத்தோடு திருப்தியாயிரு. ஜெபம் பண்ணு, உபவாசம் இரு என்று அந்த இடத்தில் அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரவர் தொழிலில் கை எங்கே நீளுகிறதோ அங்கே தட்டுகிறார். நான்காவதாக ஒரு டீம் லீடரோ ஒரு வீட்டுக்காரரோ நின்றிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று எழுதிப்பாருங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது.

மாரத்தஹள்ளி_நைட்ஷிப்ட் எழுதியது:

டீம் லீடருக்கு: "உன் கீழே இருப்பவன் செய்ததை உன் பெயரில் ஸ்லைடில் போடாதே." இதற்கு இரண்டாயிரம் வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இது பிப்ரவரி. கம்பெனிகளில் வரிச்சலுகைக்கு ரசீது கேட்கும் மாதம். வாடகையே கொடுக்காத அப்பா வீட்டுக்கு வாடகை ரசீது, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அப்பா கையெழுத்தை மகனே போட்டு. ஞாயிறு பூசைக்குத் தவறாதவர்களும் இதைச் செய்கிறார்கள். எந்த அட்டையிலும் இந்தக் கேள்வி இல்லை. இது களவா, பொய்யா?

பழைய_உபதேசி எழுதியது:

இரண்டும். இந்த வருட ரசீதை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காமல் விடுங்கள், பிரச்சினை அங்கேயே முடிந்தது.

கொடுத்து முடித்த வருடங்களுக்கு, "மன்னித்துவிட்டார்கள், விட்டது தொல்லை" என்பது செல்லாது. மன்னிப்பு வேறு, ஈடு செய்தல் வேறு. பொருள் கையில் இருக்கும்வரை கடன் இருக்கிறது. வரி விஷயத்தில் நேர்வழியே உண்டு: திருத்திய கணக்கைப் பின்னாலும் தாக்கல் செய்யும் வசதி 2022-இல் வந்தது. முதலில் 24 மாத அவகாசம், 2025 நிதிச் சட்டம் அதை 48 மாதமாக்கியது. பாக்கி வரியோடு வட்டியும் கூடுதல் தொகையும் கட்ட வேண்டும். தாமதம் கூடக் கூட அந்தக் கூடுதல் 25 சதவீதத்திலிருந்து 70 வரை ஏறும். தள்ளிப்போடுகிற பாவத்துக்கு இவ்வளவு துல்லியமான விலைப்பட்டியல் வேறெங்கும் கிடைக்காது.

வரி வசூலித்த சக்கேயு லூக்கா 19-இல் அழுததாக எழுதவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு என்று எண்ணைச் சொல்கிறார். விடுதலைப் பயணம் 22-இல் ஆட்டைத் திருடி விற்றவனுக்கு விதித்த அதே நான்கு மடங்கு.

விவேக்நகர்_வாசகன் எழுதியது:

அப்படியென்றால் வாடகை அட்வான்ஸ்? நம்ம பெங்களூரில் பத்து மாத வாடகையை வாங்கி வைத்துக்கொண்டு, காலி செய்யும்போது "பெயின்ட்" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது எல்லா வீட்டுக்காரரும் செய்வது. அதுவும் கணக்கில் வருமா?

அல்சூர்_அக்கா எழுதியது:

எல்லாரும் செய்வது என்றால் பாவம் இல்லை என்று எந்தக் குறிப்பிடத்தில் இருக்கிறது? ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதி, வந்தவர் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் வாங்கலாம். எழுதாமல், சுவரும் நன்றாக இருந்து, பெயின்டும் அடிக்காமல் அடுத்தவரை அப்படியே குடிவைத்திருந்தால் அந்தப் பணம் பழைய குடித்தனக்காரருடையது. அவர் நம்பர் இருக்கிறதல்லவா, போட்டுவிடுங்கள்.

பழைய_உபதேசி எழுதியது:

அக்கா சொல்வது சரி. ஆளுக்கு நேராகக் கொடுக்க முடியாத இடங்களில் என்ன வழி என்பதையும் சேர்த்துவிடுகிறேன். ஆள் இறந்திருந்தால் வாரிசுக்கு. கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் ஏழைகளுக்கு. ஆனால் ஆளைத் தெரிந்துகொண்டே "கோவில் உண்டியலில் போட்டுவிட்டேன்" என்பது ஈடு ஆகாது. ஒருவருடைய பணத்தில் இன்னொருவருக்குத் தர்மம் செய்கிற வேலை அது. பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, குருவானவர் வழியாகவும் கொடுக்கலாம். வசதி இல்லையென்றால் தவணை. கடன் தள்ளிப்போகும், ரத்தாகாது.

பெயரைக் கெடுத்ததற்கும் இதே விதி. சொன்னது பொய் என்றால், அதே வாட்ஸ்அப் குழுவில் "நான் போட்டது தவறு" என்று போட வேண்டும். தனிச்செய்தியில் மன்னிப்புக் கேட்டால் அவருக்கு ஆறுதல். குழுவில் இருக்கும் நூறு பேர் மனதில் அழுக்கு அப்படியே இருக்கும். சொன்னது உண்மைதான், ஆனால் வெளியே சொல்லத் தேவையில்லாதது என்றால் சிக்கல் அதிகம், ஏனென்றால் திரும்ப எடுக்க முடியாது. "அது பொய்" என்று சொன்னால் அது ஒரு புதுப் பொய். அவரைப் பற்றிய நல்லதை அதே ஆட்களிடம் பேசுவதுதான் செய்யக்கூடியது.

ஆண்டர்சன்பேட்டை எழுதியது:

இழை முழுக்கப் படித்தேன். வரி வந்தது, வாடகை வந்தது. நம் ஆட்களின் ஆன்ம சோதனையில் எப்போதும் வராத ஒன்று இங்கேயும் வரவில்லை. சாதி.

2003 நவம்பரில் உரோமைக்குப் போன தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இதை நேராகவே பேசினார். அப்படியும் அட்டையில் ஒரு வரி ஏறவில்லை. ஊரில் கல்லறையில் பிரித்தோம், தேர் இழுப்பதில் பிரித்தோம். பெங்களூரில் அது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றால் இந்தக் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்:

அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழுவில்) புதிதாக வந்த குடும்பத்திடம் "சொந்த ஊர் எது" என்று கேட்டபின், "அங்க எந்தப் பக்கம், எந்தத் தெரு" என்று இரண்டாவது கேள்வி கேட்டேனா? பதில் தெரிந்ததும் அவர்கள் வீட்டு ஜெபத்துக்குப் போனபோது காபி குடித்தேனா, "இப்பதான் குடிச்சோம்" என்றேனா? கல்யாண விளம்பரத்தில் "ஆர்.சி." (ரோமன் கத்தோலிக்கர்) என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லையும் போட்டேனா? வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறேனா, அது ஜன்னல் ஓரமாக இருக்கிறதா? மகனோ மகளோ ஒருவரைச் சொன்னபோது, "கிறிஸ்தவங்கதானே" என்பதோடு நிறுத்தினேனா?

இதற்கு எண்ணிக்கையும் உண்டு, வகையும் உண்டு. ஆனால் கோபத்தைச் சொல்லும் வாய் இதைச் சொல்லாது, ஏனென்றால் இது "குடும்ப வழக்கம்".

லெந்து_தியானம் எழுதியது:

டம்ளர் கேள்வி எங்களுக்கும்தான்.

பழைய_உபதேசி எழுதியது:

ஆண்டர்சன்பேட்டையாருக்கு நன்றி. தாவீது அரசர் நல்ல உதாரணம்: இன்னொருவர் மனைவியை எடுத்துக்கொண்ட அவரிடம், ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரன் கதையை இறைவாக்கினர் நாத்தான் சொன்னபோது அரசர் அந்தப் பணக்காரன்மேல் கொதித்தெழுகிறார், தன்னைத்தான் சொல்கிறார் என்பது கடைசிவரை தெரியவில்லை. இரண்டு சாமுவேல் 12. ஆன்ம சோதனையில் அடுத்தவர்மேல் எங்கே அதிகமாகக் கோபம் வருகிறதோ, அந்த இடத்தை ஒரு தடவை கூடுதலாகப் பாருங்கள்.

இனி விவேக்நகர்_வாசகனின் கடைசிக் கேள்வி, தீர்மானம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் "ஆன்மிகப் பயிற்சிகள்" நூலில் தனிச்சோதனை என்று ஒன்று உண்டு. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அந்த நூலுக்கு ஒப்புதல் கொடுத்தார். ஒரே ஒரு குறையை எடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் "இன்று இதில் விழக்கூடாது" என்ற தீர்மானம். மதிய உணவுக்குப் பின் காலையிலிருந்து மணி மணியாகத் திரும்பிப் பார்த்து, விழுந்த ஒவ்வொன்றுக்கும் முதல் கோட்டில் ஒரு புள்ளி. இரவு உணவுக்குப் பின் மதியத்திலிருந்து பார்த்து இரண்டாம் கோட்டில் புள்ளிகள். நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு ஏழு ஜோடி. இரவில் முதல் கோட்டையும் இரண்டாம் கோட்டையும் ஒப்பிட வேண்டும், மறுநாள் முந்தின நாளோடு, வாரக் கடைசியில் முந்தின வாரத்தோடு. விழுந்த கணத்திலேயே கையை நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கூட்டத்தில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் தேர்விலேயே. "இனி அன்பாக இருப்பேன்" என்பதற்குப் புள்ளி வைக்க முடியாது. "சில்க் போர்டு டிராஃபிக் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரனைத் திட்டமாட்டேன்" என்பதற்கு வைக்கலாம். அடுத்தது, வாரம் ஒரு குறை என்று மாற்றிக்கொண்டே போவது. 40 நாளும் ஒன்றே. முதல் வாரத்தில் புள்ளி கூடும், பயப்பட வேண்டாம். முன்பு கவனிக்காததை இப்போது கவனிக்கிறீர்கள். மதியப் புள்ளியை விட்டுவிட்டு இரவில் மொத்தமாகப் போட்டால் காலையில் நடந்தது பாதி மறந்திருக்கும். மூன்றாம் வாரத்தில் புள்ளி குறையவே இல்லை என்றால் குறையை மாற்றாதீர்கள், சூழலை மாற்றுங்கள்: கிளம்பும் நேரத்தை இருபது நிமிடம் முன்னால் தள்ளுங்கள். வசவுக்குக் காரணம் பக்கத்து வண்டியைவிடப் பல தடவை லேட்டாகக் கிளம்பியதுதான்.

அல்சூர்_அக்கா எழுதியது:

ஒரு எச்சரிக்கையும் போடுங்கள் உபதேசியாரே. புள்ளிக் கோடு எல்லாருக்கும் ஆகாது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவர்கள், வெளியே வந்ததும் "சரியாகச் சொன்னேனா" என்று மறுபடி வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

பழைய_உபதேசி எழுதியது:

ஆமாம், அவர்களுக்கு இந்த முறை விஷம். இஞ்ஞாசியாரே 1522-இல் மன்ரேசாவில் இந்தச் சந்தேக நோயில் உயிரையே விட நினைக்கும் அளவுக்குப் போனவர். அப்படிப்பட்டவர்கள் ஒரே குருவிடம் மட்டும் போக வேண்டும், ஒரு தடவை சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது, தினச் சோதனை ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது, "சந்தேகமாக இருந்தால் அது சாவான பாவம் இல்லை" என்று அந்தக் குரு சொன்னால் அதை நம்ப வேண்டும். கை கழுவுவது, கதவு பூட்டியதைப் பார்ப்பது போன்றவற்றிலும் இதே தொல்லை இருந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டியது. பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. குருவும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். ஒருவர் மற்றவருக்கு மாற்று இல்லை.

விவேக்நகர்_வாசகன் எழுதியது:

மிக்க நன்றி. பாவசங்கீர்த்தனத்துக்கு எப்போது போவது நல்லது? தமிழில் சொல்ல எங்கே?

அல்சூர்_அக்கா எழுதியது:

திருநீற்றுப் புதன் அன்று போகாதீர்கள், அன்று சாம்பல் வரிசையே ரோடுவரை நிற்கும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரமும் வேண்டாம், ஆளுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். திருநீற்றுப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை, பிப்ரவரி 14, மாலை போங்கள். விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வியாழக்கிழமை போக நினைத்தால் நவநாள் கூட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவிலும் தமிழ் உண்டு. எங்கே போவதாக இருந்தாலும் "தமிழ் தெரிந்த ஃபாதர் எப்போது இருப்பார்" என்று ஆபீசில் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கன்னடமோ ஆங்கிலமோ மட்டும் தெரிந்தவர்தான் கிடைத்தார் என்றால் தெரிந்த அளவு சொன்னால் போதும். சட்டம் 990 மொழிபெயர்ப்பாளரைக்கூட அனுமதிக்கிறது, அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனால் அதற்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மாரத்தஹள்ளி_நைட்ஷிப்ட் எழுதியது:

கடைசியாக ஒன்று. திருநீற்றுப் புதனின் ஒருசந்தி (உபவாசம்), சுத்தபோசனம் (இறைச்சி விலக்கு) இரண்டும் ராத்திரி வேலைக்காரனுக்கு எப்போது தொடங்கும்? செவ்வாய் மாலை ஆறுக்கு உள்ளே போய் புதன் அதிகாலை மூன்றுக்கு வெளியே வருகிறவனுக்கு, ஒரு மணி சாப்பாடு செவ்வாய்க் கணக்கா, புதன் கணக்கா?

பழைய_உபதேசி எழுதியது:

திருச்சபைச் சட்டத்தில் நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவுவரை, எண் 202. ஒரு மணிச் சாப்பாடு புதன் கணக்கு. கேன்டீன் பிரியாணியைப் பன்னிரண்டுக்கு முன் முடித்துவிடுங்கள், அல்லது ஒரு மணிக்கு இறைச்சி இல்லாமல் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். ஒருசந்தியில் ஒரு முழுச் சாப்பாடும், இரண்டு சிறு சாப்பாடும் உண்டு. அந்த ஒரு மணிச் சாப்பாட்டைச் சிறியதில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும்வரை ஒருசந்தி, சுத்தபோசனம் 14 நிறைந்ததிலிருந்து. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் வேளைக்குச் சாப்பிட்டுவிடுங்கள், இவர்களை ஒருசந்தி கட்டாது.